ஒட்டியும் ஒட்டாமலும்

மின்சாரத்தின் வரலாறு பெரும்பாலும் செம்பின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கம்பி, சுருள், அதில் ஓடும் மின்னோட்டம் ஆகியவைதான் நம் கவனத்தைக் கவர்கின்றன. செம்பைச் சுமந்து நிற்கும் இரும்பைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒரு மின்மோட்டாரைப் பிரித்து வைத்தால் முதலில் கண்ணில் படுவது பளபளக்கும் சுருள்தான். சுருள் பொதிந்திருக்கும் இரும்பு ஒரே வார்ப்புக் கட்டியாகத் தோன்றும். விளிம்பை உற்றுப் பார்த்தால் மூடிவைத்த தடித்த புத்தகத்தின் ஓரத்தைப்போல நெருங்கிய மெல்லிய கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஓர் இடைவெளி. அந்த இரும்பு நூற்றுக்கணக்கான தகடுகளின் அடுக்கு.

முழுதாகக் கிடைக்கும் இரும்பை ஏன் தகடுகளாகப் பிரிக்க வேண்டும்? பிரித்ததை ஏன் மறுபடி ஒட்ட வேண்டும்? ஒன்றரை நூற்றாண்டாக மின்பொறியியலாளர்கள் இந்த இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே விடையைத் தேடி வந்திருக்கிறார்கள். தகடுகள் மின்சாரத்தின் கண்ணுக்குப் பிரிந்திருக்க வேண்டும். விசையின் கண்ணுக்கு ஒன்றாயிருக்க வேண்டும். 'ஒட்டியும் ஒட்டாமலும்' என்று நம் வழக்கில் உறவுகளைப் பற்றிச் சொல்வோமே, அதையே இங்கே ஓர் இயந்திரத்திடம் எதிர்பார்க்கிறோம்.

*

கதை ஒரு செப்புத் தட்டில் தொடங்குகிறது. 1824ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிவியலாளர் பிரான்சுவா அரகோ விந்தையான ஒன்றைக் கண்டார். செம்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகமல்ல. ஆயினும் செப்புத் தட்டு ஒன்றைச் சுழற்றினால், அதன் மேலே தொங்கும் காந்த ஊசியும் கூடவே இழுபட்டுச் சுழன்றது. ஏன் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1831இல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த பிறகே விளக்கம் கிடைத்தது. காந்தத்தின் அருகே உலோகம் நகரும்போது அதற்குள் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த மின்னோட்டமே ஊசியை இழுக்கிறது.

1855இல் லெயோன் ஃபூக்கோ இதன் இன்னொரு முகத்தைக் காட்டினார். பூமியின் சுழற்சியை ஊசலால் மெய்ப்பித்தவர் என்று நாம் பள்ளியில் படித்த அதே ஃபூக்கோதான். வலிமையான மின்காந்தத்தின் துருவங்களுக்கிடையே ஒரு செப்புச் சக்கரத்தைச் சுழலவிட்டார். மின்காந்தத்திற்கு மின்சாரம் கொடுத்ததும், எதுவும் தொடாமலேயே சக்கரம் நின்றது. கைப்பிடியால் வலுக்கட்டாயமாகச் சுழற்றியபோது சக்கரம் சூடேறியது. சுழற்றிய கையின் உழைப்பு முழுவதும் வெப்பமாக மாறிக்கொண்டிருந்தது. உலோகத்தின் உள்ளே நீர்ச்சுழிபோல் வட்டமிடும் இந்த ஓட்டங்களைச் சுழல் மின்னோட்டங்கள் என்கிறோம். பிரெஞ்சு மொழியில் இன்றும் அவை ஃபூக்கோ மின்னோட்டங்கள்தான்.

ஆய்வுக்கூடத்தில் வியப்பாக இருந்தது தொழிற்கூடத்தில் தொல்லையாயிற்று. வெர்னர் சீமன்ஸ் 1856இல் வடிவமைத்த சுழலி திண்மையான இரும்பால் ஆனது. அதுபோன்ற பொறிகளைத் தொடர்ந்து ஓட்டினால் இரும்பு கொதித்தது. நீராவி இயந்திரம் கொடுத்த ஆற்றலின் ஒரு பகுதி மின்சாரமாக வெளிவராமல் உள்ளேயே வெந்து தணிந்தது. 1871இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் செனோப் கிராம் வைத்த மின்னாக்கியில் வேறொரு வழி இருந்தது. அதன் வளைய உள்ளகம் இரும்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றிச் செய்யப்பட்டிருந்தது. கம்பிகளுக்கிடையே சுழல் மின்னோட்டம் எளிதில் தாவ முடியாது. எடிசன் தம் மின்னாக்கிகளில் இரும்புத் தகட்டு வட்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெல்லிய தாளை வைத்தார். 1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையத்தில் இயங்கிய அவருடைய பெரும்பொறிகளுக்குள்ளும் இவ்வாறே இரும்பும் காகிதமும் மாறிமாறி அடுக்கப்பட்டிருந்தன.

புடாபெஸ்ட் நகரின் கான்ஸ் தொழிற்சாலையில் கரோய் சிப்பெர்னோவ்ஸ்கி, ஓட்டோ பிளாதி, மிக்ஷா தேரி மூவரும் 1885இல் உருவாக்கிய மின்மாற்றியிலும் உள்ளகம் பிரிக்கப்பட்ட இரும்பால் ஆனதே. சில ஆண்டுகளில் மாறுதிசை மோட்டார் வந்தது. நேர்திசைப் பொறியில் சுழலும் பகுதியில் மட்டுமே காந்தப்புலம் திசை மாறும். மாறுதிசை மோட்டாரிலோ நிலையாக நிற்கும் பகுதியிலும் அது ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே இரும்பு முழுவதையும் தகடாக்குவது கட்டாயமாயிற்று.

*

தகடாக்குவதால் என்ன நடக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கிவிடலாம். இரும்பின் ஒவ்வொரு கிலோவிலும் சுழல் மின்னோட்டத்தால் வீணாகும் ஆற்றல், தகட்டின் தடிமனின் இருமடிக்கு ஏற்ப வளரும். தடிமனைப் பாதியாக்கினால் இழப்பு கால்வாசி. பத்தில் ஒன்றாக்கினால் நூறில் ஒன்று. காந்தப்புலம் திசை மாறும் வேகத்திற்கும் இதே இருமடி விதிதான். அந்த வேகம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு.

இரும்பில் இன்னோர் இழப்பும் உண்டு. காந்தமாக்கிய இரும்பு, புலம் திசை மாறும்போது உடனே கீழ்ப்படியாமல் சற்றுப் பின்தங்கித்தான் மாறும். 1880களின் தொடக்கத்தில் டோக்கியோவில் பேராசிரியராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங் இதை ஆராய்ந்து, பின்தங்குதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரு பெயரை உருவாக்கினார். நம் பாடநூல்கள் அதைக் காந்தத் தயக்கம் என்று அழகாகவே மொழிபெயர்த்திருக்கின்றன. தயக்கத்தைத் தகடாக்கிக் குறைக்க முடியாது. அதற்கு இரும்பின் குணமே மாற வேண்டும்.

1900இல் பாரட், பிரவுன், ஹாட்ஃபீல்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு அந்த வழியைத் திறந்தது. இரும்பில் சிறிதளவு சிலிக்கனைக் கலந்தால் தயக்கமும் குறைகிறது, மின்தடையும் பலமடங்கு கூடுகிறது. தூய இரும்போடு ஒப்பிட்டால் 3 சதவீதம் சிலிக்கன் கலந்த எஃகின் மின்தடை ஏறக்குறைய நாலைந்து மடங்கு. பழைய இரும்பு ஆண்டுகள் செல்லச்செல்ல மூப்படைந்து மேலும் மேலும் ஆற்றலை விழுங்கும். சிலிக்கன் எஃகில் அந்த மூப்பும் அடங்கியது. ஆனால் சிலிக்கன் கூடக்கூட எஃகு நொறுங்கும் தன்மை பெறுகிறது, உருளையில் கொடுத்துத் தகடாக்குவது கடினமாகிறது. எனவே கலவை மட்டும் போதவில்லை. மெல்லிய தகடும், அதன்மேல் ஒரு பூச்சும், அடுக்கைப் பிடித்துவைக்கும் ஒரு பிடியும் தேவைப்பட்டன.

*

இங்கே நம் நாட்டுக் காடுகள் கதைக்குள் வருகின்றன. எடிசனின் காகிதம் இடத்தை அடைத்தது. காகிதம் இரும்பைப்போல் காந்தப்புலத்துக்கு எளிய பாதையாகாது; அது வெற்றிடம்போலத்தான். மின்காப்புத் தொழில் அன்று பெரிதும் நம்பியிருந்தது அரக்கை. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரந்துவைக்கும் பிசின் அது. சோட்டா நாகபுரிக் காடுகளில் பழங்குடியினர் சேகரித்த அரக்கு, கல்கத்தா வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறி, மின்சுருள்களுக்கும் அப்பிரகத் தகடுகளுக்கும் காப்பாயிற்று. பாண்டவர்களை எரிப்பதற்காக அரக்கு மாளிகை கட்டிய கதை நமக்குத் தெரியும். தீயை எளிதில் பற்றும் அதே பொருள் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவதில் கெட்டிக்காரத்தனம் காட்டியது.

தேவை பெருகியது, விலை ஏறியது. அரக்குக்கு மாற்றுத் தேடிப் புறப்பட்ட லியோ பேக்லண்ட், 1907இல் பேக்கலைட்டைக் கண்டுபிடித்தார். 1909இல் உலகுக்கு அறிவித்தார். முழுவதும் செயற்கையான முதல் பிளாஸ்டிக் ஒரு பூச்சியின் பிசினோடு போட்டியிடப் பிறந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற ஊரில் அரக்கு ஆய்வுக்கென ஒரு நிறுவனம் எழுந்தது. பின்னாளில் மின்காப்பில் அரக்கின் இடத்தைச் செயற்கைப் பிசின்கள் பிடித்துக்கொண்டன. காட்டில் கிளை வெட்டி அரக்கு சுரண்டியவர்களின் வாழ்வில் அது என்ன செய்தது என்பதைப் பொறியியல் வரலாறுகள் எழுதுவதில்லை.

ஒட்டும் பொருளின் வரலாற்றிலும் இப்படிப்பட்ட எதிர்பாராத திருப்பங்கள் நிறைய. ஸ்விட்சர்லாந்தின் பியர் கஸ்தான் 1930களில் ஒரு பல்மருத்துவப் பொருள் நிறுவனத்திற்காகப் பொய்ப்பல் செய்வதற்கேற்ற பிசினைத் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்தது எபாக்சி. அதன் உரிமையை சீபா நிறுவனம் பெற்று 1946இல் அரால்டைட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம் வீடுகளில் இரண்டு சிறு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கி, உடைந்த ஜாடியை ஒட்டும் அதே அரால்டைட். கெட்டியாகும்போது அது அதிகம் சுருங்குவதில்லை. உலோகத்தை இறுகப் பற்றும், மின்சாரத்தைக் கடத்தாது. தகடுகளுக்கு இடையே இருக்கத் தகுதியான பொருளென்றால் இதுதான்.

இன்னொரு பசை காற்றை வெறுப்பது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னன் கிரீபிள் 1953இல் அதை வளர்த்தெடுத்தார். காற்றிலுள்ள ஆக்சிஜன் படும்வரை நீர்மமாகவே இருக்கும். இரு உலோகப் பரப்புகளுக்கு நடுவே காற்று புகாதபடி சிக்கிக்கொண்டால் இறுகிவிடும். ஆகவே ஆக்சிஜன் ஊடுருவக்கூடிய பாலித்தீன் புட்டியில் அதை அடைத்து விற்றார்கள். லாக்டைட் என்று பெயரிட்டவர் அவருடைய மருமகள். தகடுகளின் நெருக்கத்திற்கென்றே பிறந்ததைப்போன்ற இந்த வேதியியல், மோட்டார் உள்ளகத்திற்குப் பெருமளவில் வந்துசேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

*

ஏன் அவ்வளவு காலம்? அதுவரை தகடுகள் வேறு வழிகளில் பிணைக்கப்பட்டன, அவை மலிவானவை. ஆணியடித்து இறுக்கினார்கள். அடுக்கின் முதுகில் நெடுக்காக வெல்டிங் செய்தார்கள். பிறகு, தகட்டை வெட்டும் அச்சிலேயே சிறு குழிகளை அழுத்தி, ஒரு தகட்டின் மேடு அடுத்ததன் பள்ளத்தில் பொருந்திக்கொள்ளும்படி செய்தார்கள். விரைவான முறை, கோடிக்கணக்கான மோட்டார்கள் இப்படித்தான் உருவாயின.

ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒரே குறை. எதைப் பிரிப்பதற்காகத் தகடாக்கினோமோ, அதையே இவை இணைத்துவிடுகின்றன. வெல்டிங் கோடும் ஆணியும் அழுத்திய குழியும் தகட்டுக்குத் தகடு உலோகத் தொடர்பை உண்டாக்கும். வெட்டும்போது ஓரத்தில் எழும் பிசிறும் அப்படியே. இரண்டு இடங்களில் தொடர்பு ஏற்பட்டுவிட்டால் போதும். தகடுகளினூடே ஒரு வட்டப்பாதை திறந்துகொள்கிறது, சுழல் மின்னோட்டம் பழைய வீட்டுக்குத் திரும்புகிறது. அதோடு அழுத்தப்பட்ட இடத்தில் எஃகின் உட்கட்டமைப்பு நசுங்கி, காந்தமாகும் திறனும் குறைகிறது.

அரை மில்லிமீட்டர் தகடும் நொடிக்கு ஐம்பது சுற்று மின்சாரமும் இருந்த காலத்தில் இதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. மின்கார்கள் அந்தப் பொறுமையை முடித்துவைத்தன. எட்டுத் துருவங்கள் கொண்ட மோட்டார் நிமிடத்திற்கு 15,000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். இரும்பில் காந்தப்புலம் நொடிக்கு 1,000 முறை முழுச்சுற்று மாறும். நம் வீட்டு மின்சாரத்தைப்போல் 20 மடங்கு வேகம். இருமடி விதிப்படி, அதே தகட்டில் அதே வலிமையுள்ள புலம் இருந்தால், இழப்பு 400 மடங்கு. இதைச் சமாளிக்க 0.25 மில்லிமீட்டர் அளவுக்குத் தகடு மெலிந்தது. பத்து சென்டிமீட்டர் நீள உள்ளகத்தில் ஏறத்தாழ 400 தகடுகள். இவ்வளவு மெல்லிய தகட்டில் குழியை அழுத்திப் பிணைப்பது கடினம். வெல்டிங் அதைச் சுருட்டிவிடும். அப்போதுதான் பசை தவிர்க்க முடியாததாயிற்று.

*

பசையிலும் இரண்டு வழிகள் வளர்ந்தன. முதலாவது, எஃகாலையிலேயே தகட்டின் இருபுறமும் எபாக்சி வகைப் பூச்சைப் பூசி, ஓரளவு மட்டும் உலர்த்தி அனுப்புவது. வெட்டி அடுக்கிய பின் அழுத்தத்தில் வைத்து ஏறத்தாழ 200 டிகிரி வரை சூடாக்கினால் பூச்சு இளகி, அடுத்த தகட்டின் பூச்சோடு கலந்து இறுகும். ஜெர்மானியர் இதைப் பேக்லாக் என்கிறார்கள். 'சுட்ட வார்னிஷ்' என்று பெயர்க்கலாம். காப்பும் ஒட்டும் ஒரே பொருளில் அமைந்துவிடுகின்றன. பக்கத்திற்கு 5 மைக்ரான் பூச்சு என்றால் 0.25 மில்லிமீட்டர் தகடுகளின் அடுக்கில் 96 சதவீதம் இரும்பு இருக்கும். இரண்டு தகடுகளுக்கிடையே தோன்றும் மின்னழுத்தம் மிகச் சிறியது. அதைத் தடுக்க இந்த மெல்லிய படலம் போதும்.

இரண்டாவது வழி, தகட்டை வெட்டும் அச்சுக்குள்ளேயே பசையைச் சிறு புள்ளிகளாக இடுவது. நிமிடத்திற்கு நூற்றுக்கணக்கான முறை இறங்கியேறும் அழுத்துபொறியில், ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒவ்வொரு தகட்டின்மேலும் குறித்த இடங்களில் குறித்த அளவு பசை விழ வேண்டும். ஒரு புள்ளி கூடினால் வழியும், குறைந்தால் பிரியும். இங்கே குறுக்கிட்டது எண்ணெய். அச்சு தேயாமலிருக்கத் தகட்டில் எண்ணெய் தடவித்தான் வெட்ட முடியும். எண்ணெய் படிந்த பரப்பிலோ பசை பிடிக்காது. அதைக் கழுவினால் நேரம் போகும், கழுவாவிட்டால் வலிமை போகும். இதற்குக் கிடைத்த தீர்வுகளில் ஒன்று நேர்த்தியானது: பசையை இறுகத் தூண்டும் வேதிப்பொருளை அந்த எண்ணெயிலேயே கலந்துவிடுவது. பகையாக இருந்த எண்ணெய் பசைக்குத் துணையாயிற்று.

ஒட்டுதலை மேம்படுத்துவது என்றால் பசையை வலிமையாக்குவது மட்டும் போதாது. ஒட்டிய பரப்பைச் சறுக்கித் தள்ளினால் அது நன்றாகத் தாங்கும். விளிம்பிலிருந்து உரித்தால் எளிதில் விட்டுக்கொடுக்கும். தபால்தலையை உரித்தவர்களுக்கு இது தெரியும். மோட்டார் உள்ளகத்தின் பற்கள் குறுகலானவை; உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும். கடுங்குளிரிலும் 150 டிகிரி வெப்பத்திலும், சில மோட்டார்களில் மேலே பீய்ச்சியடிக்கும் குளிரூட்டும் எண்ணெயிலும், பல்லாண்டுகள் பசை தாங்க வேண்டும். வெட்டியதால் ஓரங்களில் ஏற்பட்ட இறுக்கத்தைப் போக்க எஃகை 750 டிகிரிக்கு மேல் சூடாக்குவது பழைய வழக்கம். அந்தச் சூட்டில் எந்தக் கரிமப் பசையும் கரியாகிவிடும். எனவே முதலில் சூடாக்கிப் பிறகு ஒட்ட வேண்டும், அல்லது சூடாக்குவதையே கைவிட வேண்டும்.

பரப்பு முழுவதும் ஒட்டிய உள்ளகம் வேறு நன்மைகளையும் தருகிறது. காந்தமாகும்போது இரும்பு மிகச் சிறிதளவு நீளம் மாறும் என்று 1842இல் ஜூல் கண்டார். தளர்ந்த தகடுகள் இதற்கெல்லாம் அதிர்ந்து ரீங்கரிக்கும். முழுக்க ஒட்டியவை அடங்கியிருக்கும். தகடுகளுக்கிடையே காற்று இல்லாததால் வெப்பமும் எளிதாக வெளியேறும்.

*

உலகின் மின் நுகர்வில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் மோட்டார்களே எடுத்துக்கொள்கின்றன. அதனால் சில மைக்ரான் தடிமனுள்ள பசைப்படலம் அற்பமான விஷயமல்ல. ஆனால் இந்த வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. தமிழ் வாசகர்கள் அதை அருகிலிருந்து அறிவார்கள்.

1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவை வட்டாரம் மோட்டார்களின் நிலமாயிற்று. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்த மோட்டாரே இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுகிறது. அங்கே தகட்டுக்கு 'ஸ்டாம்பிங்' என்று பெயர். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் எவரும் அதைத் தூக்கியெறிவதில்லை. சிற்றூர்தோறும் காயில் கட்டும் கடைகள் உண்டு. பழைய சுருளின் ஒரு முனையை வெட்டி, வார்னிஷ் எரிந்து கருகும்வரை சூடாக்கி, செம்பை உருவி எடுத்து, புதிதாகச் சுற்றிவிடுவார்கள். உழவரின் பயிர் அதற்குள் வாடாமல் பிழைத்துக்கொள்ளும்.

அந்தச் சூடு அளவு மீறினால் தகடுகளின் பூச்சும் எரிந்துபோகும். சுருள் புதிதாயிருக்கும், இரும்பு ஊமைக்காயம் பட்டிருக்கும். மோட்டார் ஓடும், ஆனால் முன்னைவிடச் சூடாகவும் கூடுதல் மின்சாரம் தின்றும் ஓடும். அடுத்த எரிதல் சீக்கிரமே வரும். பசையால் ஒட்டிய உள்ளகமோ இந்த வைத்தியத்தை அறவே தாங்காது. சுருளின் வார்னிஷ் கருகும் வெப்பத்தில் தகடுகளைப் பிடித்திருக்கும் பிசினும் சிதையும். மிகச் சிறந்த உள்ளகமே பழுதுபார்க்க மிகவும் கடினமான உள்ளகமாகவும் அமைந்துவிடுகிறது. ஆயுள் முடிந்தபின் செம்பையும் எஃகையும் பிரித்தெடுப்பதும் அவ்வளவு சுலபமில்லை. செம்பு கலந்த பழைய எஃகு மறுவார்ப்பில் தரம் தாழும்.

எனவே இந்த நெடுங்கதையின் அடுத்த அத்தியாயம், வேண்டும்போது விட்டுக்கொடுக்கும் பசையைத் தேடுவதாகவே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முதலில் பிரிக்கக் கற்றுக்கொண்டோம், பிறகு ஒட்டக் கற்றுக்கொண்டோம். ஒட்டியதைக் காயமின்றிப் பிரிக்கும் வழி கிடைத்தால் அதன் பயன் பெரிய தொழிற்சாலைகளோடு நிற்காது. கிணற்றங்கரையில் எரிந்த மோட்டாரோடு நிற்கும் உழவருக்கும், அதைப் பிழைக்கவைக்கும் காயில் கடைக்காரருக்கும் அதில் பங்கு உண்டு.